மீண்டும் மாணவரான வீரர்

கைப்பந்தாட்டம் என்று யான் இங்கே குறிப்பது நம்மவர் வலை கட்டி ஆடும் கரப்பந்தாட்டத்தை அன்று. கரம், கை என்பன ஒருபொருட் சொற்களே. ஆயினும் ஆட்டங்கள் இரண்டும் வெவ்வேறு. ஜேர்மனியர் பெரிதும் போற்றும் கைப்பந்தாட்டம் காற்பந்தாட்டத்திற்கு உறவுடையது. 40 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் கொண்ட மண்டபத் தளத்தில் அணிக்கு எழுவராக நின்று, பந்தைக் கையால் எறிந்து கோலினுள்ளே புகுத்துவர். பந்தைக் கையிலே கொண்டு மூன்றடிக்கு மேல் எடுத்து வைத்தல் ஆகாது. மூன்று விநாடிக்கு மேல் வைத்திருத்தலும் ஆகாது. கோலைச் சூழ்ந்த 6 மீற்றர் வளைவினுள்ளே கோல் காப்பாளரன்றிப் பிறர் கால் ஊன்றலாகாது. ஆகவே எறிபவர் வளைவின் விளிம்பிலிருந்து மேலெழுந்து பாய்ந்து, தரையிற் கால் படுமுன் அந்தரத்திலே நின்று எறிகின்றார். ஆட்டத்தின் அழகு முழுவதும் அந்தப் பாய்ச்சலில் இருக்கின்றது. ஆபத்தும் அங்கேதான்.

விளையாட்டுச் செய்திகளைத் தேடிப் படிக்கும் வழக்கம் எனக்கில்லை. இலக்கண வகுப்பும் விடைத்தாள்களுமாகக் காலங் கழிப்பவனுக்கு அதற்கு அவகாசமும் இல்லை. ஆயினும் யோவாகிம் டெக்கார்ம் என்னும் ஜேர்மன் வீரரின் வரலாறு என்னைப் பற்றிக்கொண்டது. அவர் எறிந்த கோல்கள் அதற்குக் காரணமல்ல. அவ்வரலாற்றின் நடுவே வந்து நிற்கும் ஓர் ஆசிரியரே காரணம். அவரை நாம் சந்திப்பதற்கு முன், வீரரின் இளமையைச் சிறிது கூறுதல் வேண்டும்.

டெக்கார்ம் 1954 ஆம் ஆண்டு ஜனவரி 19 ஆந் திகதி சார்புறூக்கன் நகரிலே பிறந்தார். அந்நாளிற் சார் நாடு மேற்கு ஜேர்மனியோடு சேர்ந்திருக்கவில்லை. 1957 இலேதான் சேர்ந்தது. உயர்ந்து வளர்ந்த உடல், விரைந்த கால், கூரிய அறிவு என்னும் மூன்றும் அவரிடம் ஒருங்கே அமைந்திருந்தன. கணிதமும் உடற்பயிற்சிக் கலையும் பயின்ற மாணவர் அவர். எதிரணியின் காவலில் எப்பொழுது, எவ்விடத்தில் இடைவெளி தோன்றும் என்பதை முன்கூட்டியே கணித்தவர்போல ஆடினார் என்று கேள்விப்படும்போது, அந்தக் கணிதப் படிப்பு வீண்போகவில்லை என்றே எண்ணத் தோன்றுகிறது.

1973 இல், தமது பத்தொன்பதாவது வயதில், அவர் கும்மர்ஸ்பாக் கழகத்திற் சேர்ந்தார். கும்மர்ஸ்பாக் கொலோன் மாநகருக்குக் கிழக்கே குன்றுகளிடையே அமைந்த சிற்றூர். ஊர் சிறிதாயினும் அதன் கழகம் பெரிது. 1967, 1970, 1971 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியச் சம்பியன் கிண்ணத்தை வென்ற கழகம் அது. டெக்கார்ம் வந்து சேர்ந்த மறு ஆண்டே அக்கிண்ணம் மீண்டும் அவ்வூரை அடைந்தது. 1974, 1975, 1976 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஜேர்மன் சம்பியன் பட்டமும் அதற்கே கிட்டியது.

அக்காலத்தில் ஜேர்மனி இரண்டாகப் பிரிந்து கிடந்தமையை வாசகர் அறிவர். 1976 மார்ச் 6 ஆந் திகதி, கிழக்கு ஜேர்மனியின் கார்ல் மாக்ஸ் நகரில் இரண்டு ஜேர்மனிகளும் எதிர்நின்றன. மொன்றியல் ஒலிம்பிக்கிற்குச் செல்வது யார் என்பதே வினா. முன்னர் மியூனிக்கில் 17க்கு 14 என வென்றிருந்த மேற்கு அணி, அன்று 8க்கு 11 என்று பின்னடைந்து நின்றது. இன்னும் ஒரு கோல் விழுந்தால் கிழக்கு அணியே மொன்றியல் செல்லும். இறுதிக் கணத்திற் கிழக்கு அணிக்குத் தண்டனை எறிதல் கிடைத்தது. மேற்கின் கோல் காப்பாளர் மன்பிறெட் ஹொவ்மன் காலால் அதனைத் தடுத்தார். ஓரினத்தார் இரு கொடிகளின் கீழ் நின்று ஒருவரையொருவர் வென்றதை எண்ணி எவர் முழுமனத்தோடு மகிழ்ந்திருப்பர்? மொன்றியலில் மேற்கு ஜேர்மனிக்குக் கிடைத்தது நான்காம் இடம்.

அவ்வணியைப் பயிற்றியவர் விளாடோ ஸ்டென்ஸல். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவுக்குத் தங்கப் பதக்கம் பெற்றுக்கொடுத்தவர் அவரே. இளைஞரை நம்பி அணி திரட்டிய அவருக்கு 1978 இலே பயன் கிட்டியது. அவ்வாண்டு பெப்ரவரி 5 ஆந் திகதி கொப்பன்ஹேகனில் நடந்த உலகக்கிண்ண இறுதிப் போட்டியில், வலிமை மிக்க சோவியத் அணியை மேற்கு ஜேர்மனி 20க்கு 19 என வென்றது. டெக்கார்முக்கு வயது 24. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரருள் ஒருவர் என்று அவரைப் பலரும் கூறத் தொடங்கினர். நாட்டுக்காக ஆடிய 104 போட்டிகளில் அவர் எறிந்த கோல்கள் 381.

அந்தக் கணக்கு அவ்வளவோடு நின்றது.

1979 மார்ச் 30 ஆந் திகதி கும்மர்ஸ்பாக் அணி ஹங்கேரியிலுள்ள தத்தாபானியாவில் ஆடிக்கொண்டிருந்தது. ஐரோப்பியக் கிண்ண வெற்றியாளர் போட்டியின் அரையிறுதி அது. ஆட்டம் தொடங்கி 23 ஆவது நிமிடம். பந்தை நோக்கி விரைந்த டெக்கார்மின் தலையும் எதிரணி வீரர் ஒருவரின் தலையும் மோதின. மோதிய அளவிலே அவர் நினைவிழந்தார். நினைவுள்ளவன் விழும்போது கை தானாகவே முன்னே ஊன்றும். நினைவிழந்தவனுக்கு அது இல்லை. கையையே கருவியாகக் கொண்டு வாழ்ந்தவருக்கு அந்தக் கணத்திற் கை உதவவில்லை. தலை நேரே தரையில் மோதியது. தரையோ சீமெந்துத் தரை. மேலே மெல்லிய செயற்கை விரிப்பொன்று மாத்திரமே இருந்தது. வேண்டுமென்று செய்த குற்றம் எவரிடத்தும் இல்லை. ஆனால் வீரர் அந்தரத்திற் பாயும் ஓர் ஆட்டத்திற்கு அத்தகைய தரையை அமைத்தமை அறியாமை என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மண்டையோடு பிளந்தது, மூளை கடுமையாகச் சேதமுற்றது. 131 நாட்கள் அவர் நினைவின்றிக் கிடந்தார். அவ்வாண்டு அவருடைய கழகம் அக்கிண்ணத்தை வென்றது. அச்செய்தியை அவர் அறியார். ஆகஸ்டிற் கண் விழித்தவர், விழுந்த அன்றிருந்த மனிதராக விழிக்கவில்லை. பேசுதல், உண்ணுதல், நிற்றல், நடத்தல் யாவற்றையும் முதலிலிருந்தே கற்க வேண்டியவராக விழித்தார். கணிதம் பயின்றவர் சொல்லொன்றை உருவாக்க நாவோடு போராடினார்.

பெற்றோர் அவரைச் சார்புறூக்கனில் வைத்துப் பேணினர். ஆண்டுகள் சென்றன. வைத்தியர்கள் இயன்றதைச் செய்தனர். ஆயினும் முன்னேற்றம் மிகச் சிறிதே. இந்நிலையில், 1982 இல், அவரிடம் வந்தவர் வேர்னர் ஹ்யூர்ட்டர். இளமையில் டெக்கார்முக்குக் கைப்பந்து பயிற்றிய பழைய பயிற்றுநர் அவர். மாணவர் உலகப் புகழ் அடைந்தபோது தொலைவில் நின்ற ஆசிரியர், மாணவர் எழுந்து நிற்க இயலாதிருந்தபோது அருகே வந்தார்.

அவர் செய்தது பரிவு கூறித் திரும்பிச் செல்லும் வருகை அன்று. தமக்குத் தெரிந்த தொழிலையே அவர் மீண்டும் செய்தார்; அதாவது பயிற்றினார். அவர் டெக்கார்மை நோயாளியாக நோக்காது ஆட்டக்காரராகவே நோக்கினார் என்பதுதான் யான் பலமுறை நின்று சிந்தித்த இடம். நோயாளியிடம் நாம் எதையும் எதிர்பார்ப்பதில்லை, மாணவரிடம் எதிர்பார்க்கிறோம். முன்னர் மைதானத்தில் இட்ட கட்டளையைப் போலவே இப்பொழுதும் கட்டளை இட்டார். ஒரு வேறுபாடு உண்டு. முன்பு கேட்டது பாய்ச்சல். இப்பொழுது கேட்டது ஓர் அடி. ‘என்னால் முடியும், யான் விரும்புகிறேன், செய்தே தீரவேண்டும்’ என்னும் பொருள்பட்ட மூன்று சிறு ஜேர்மன் வாக்கியங்கள் டெக்கார்மின் மந்திரமாயின. வகுப்பிற் பின்தங்கிய பிள்ளையிடம் இரங்குவதா, வற்புறுத்துவதா என்று தடுமாறும் வேளைகள் ஆசிரியர் எவருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. ஹ்யூர்ட்டர் அத்தடுமாற்றத்திற்கு இடங் கொடுத்ததாகத் தெரியவில்லை.

பல ஆண்டுப் பயிற்சியின் பயனாக டெக்கார்ம் பேசக் கற்றார். மெதுவான, முயன்று எழும் பேச்சு. துணையோடு சில அடிகள் நடக்கவும் கற்றார். சக்கர நாற்காலி அவரை விட்டு நீங்கவில்லை. முழுதும் குணமடைந்தார் என்று எழுதினால் அது கதையாகும், வரலாறு ஆகாது.

ஜேர்மன் விளையாட்டு உதவி நிறுவனம் அவர் பெயரால் ஒரு நிதியம் அமைத்தது. 1978 இல் உடன் ஆடிய தோழர்களும் அவரைக் கைவிடவில்லை. அவருள் ஒருவரான ஹைனர் பிராண்ட், பின்னாளில் ஜேர்மன் அணியின் பயிற்றுநராகி, 2007 இல் கொலோனில் நடந்த இறுதிப் போட்டியிற் போலந்தை 29க்கு 24 என வென்று உலகக்கிண்ணத்தை மீண்டும் பெற்றுக்கொடுத்தார். வீரராகவும் பயிற்றுநராகவும் அக்கிண்ணத்தை வென்ற பிராண்ட், கும்மர்ஸ்பாக் மண்ணிற் பிறந்தவர். டெக்கார்மின் நெருங்கிய நண்பர்.

2018 இல், அறுபத்து நான்கு வயதில், டெக்கார்ம் சார்புறூக்கனை விட்டுக் கும்மர்ஸ்பாக்கிலுள்ள பராமரிப்பு இல்லமொன்றிற்குக் குடிபெயர்ந்தார். பத்தொன்பது வயதிற் பந்தோடு வந்து சேர்ந்த அதே ஊர். பழைய தோழர் சிலர் அங்கும் அயலிலும் வாழ்ந்திருந்தனர்; வந்து பார்ப்பதற்கு அவர்களுக்கு நெடுந்தூரம் இருக்கவில்லை.