நியூயார்க் மாநாட்டு அரங்கிலிருந்து தாராவி வீடு வரை: குடும்ப வன்முறைச் சட்டம் வந்த வழி

மும்பை: ஆண்டுதோறும் மார்ச் மாதம் நியூயார்க்கிலுள்ள ஐ.நா. தலைமையகத்தில் பெண்கள் நிலை குறித்த ஆணையம் கூடுகிறது. 1946-இல் அமைக்கப்பட்ட இந்த ஆணையத்தில் 45 நாடுகள் உறுப்பினர்களாக உள்ளன. ஐ.நா.வின் ஆலோசனைத் தகுதி பெற்ற தொண்டு நிறுவனங்களின் பிரதிநிதிகளும் அமர்வுகளில் பங்கேற்கின்றனர். பேசிக் கலையும் இத்தகைய கூட்டங்களால் மும்பை தாராவியில் கணவனிடம் அடிபடும் பெண்ணுக்கு என்ன பயன் என்ற கேள்வி நியாயமானதே.

அதற்கான பதிலில் ஒரு பகுதி இந்தியச் சட்டம் ஒன்றிலேயே உள்ளது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் நிறைவேறியது. அதன் மசோதாவுடன் இணைக்கப்பட்ட நோக்க விளக்கக் குறிப்பு, வியன்னா உடன்பாட்டையும் 1995-ஆம் ஆண்டு பெய்ஜிங் பிரகடனத்தையும் பெயர் சொல்லியே சுட்டுகிறது. (வியன்னா மாநாடு நடந்தது 1993-இல், குறிப்பில் 1994 என்று உள்ளது.)

அதற்கு முன்பும் சட்டம் இல்லாமல் இல்லை. 1983-இல் சேர்க்கப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு, மனைவியைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கியது. ஆனால், கணவன் மீது புகார் அளித்த பெண் அன்றிரவு எங்கே தங்குவாள் என்பதற்கு அதில் வழியில்லை. ஒரே அறையில் குடும்பம் முழுவதும் வாழும் தாராவி போன்ற பகுதியில் இதுவே முதல் கேள்வி. வீடு பெரும்பாலும் கணவன் அல்லது மாமனார் பெயரில் இருக்கும்; வாடகை வீடும் உண்டு. வெளியேற்றப்பட்டால் பிறந்த வீடு திருநெல்வேலியிலோ வேறு மாநிலத்திலோ இருக்கக்கூடும்.

2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், வீடு யார் பெயரில் இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமையைப் பெண்ணுக்கு அளித்தது. மாமனாருக்குச் சொந்தமான வீட்டிலும் மருமகள் இவ்வுரிமையைக் கோரலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அடி உதை மட்டுமன்றி வசைமொழி, பாலியல் கொடுமை, செலவுக்குப் பணம் மறுத்தல் ஆகியவையும் இச்சட்டப்படி வன்முறையே.

மாநாடுகள் எப்போதும் பலன் தந்ததாகவும் சொல்ல முடியாது. 2003-இல் பெண்களுக்கெதிரான வன்முறையைப் பற்றி விவாதித்த இதே ஆணையம், உறுப்பு நாடுகளிடையே உடன்பாடு எட்டாமல் கலைந்தது. அதே பொருளில் ஒருமித்த முடிவு எட்டப்பட மேலும் 10 ஆண்டுகள் ஆயின.

மும்பை அதுவரை காத்திருக்கவில்லை. செம்பூரை அடுத்த தேவனாரில் உள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனம், பெண்கள், குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவை 1984-இலேயே மும்பை காவல் துறையில் தொடங்கியது. பாந்த்ரா பாபா மருத்துவமனையில் 'திலாசா' மையம் அமைந்தது. சயான் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் 1999-இல் நிறுவிய 'ஸ்னேஹா' அமைப்பு, தாராவியில் ஆலோசனை மையம் நடத்துகிறது. அப்பகுதிப் பெண்களே 'சங்கினி' என்ற பெயரில் தன்னார்வலர்களாகி, பாதிக்கப்பட்டவர்களை மையத்துக்கு அழைத்து வருகின்றனர்.

இந்த இடைநிலை ஆட்களின் தேவைக்கு மொழியும் ஒரு காரணம். ஐ.நா.வின் அலுவல் மொழிகள் ஆறு. தமிழோ மராத்தியோ இந்தியோ அவற்றில் இல்லை. அரங்கில் 'பாலினம் சார்ந்த வன்முறை' எனப்படுவதை, தாராவியிலோ மாட்டுங்காவிலோ வாழும் தமிழ்ப் பெண் 'வீட்டுச் சண்டை' என்றே சொல்லக்கூடும். அந்தச் சண்டைக்குச் சட்டத்தில் பெயருண்டு என்பதை யாராவது அவளிடம் சொல்ல வேண்டியுள்ளது.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களில் உதவி நாடியவர்கள் 14 சதவீதம் மட்டுமே. பாதிக்கப்பட்ட பெண், பாதுகாப்பு அலுவலரையோ மாஜிஸ்திரேட்டையோ நேரடியாக அணுகலாம். மனு பொதுவாக மூன்று நாள்களுக்குள் முதல் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்பட வேண்டும். வருமான வரம்பின்றிப் பெண்கள் இலவச சட்ட உதவி பெறலாம். மகளிர் உதவி எண்: 181.