பழமா, பலமா? விசைப்பலகை கற்றுத்தரும் தமிழ்

நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அம்மாவின் கைப்பேசியில் 'பழம்' என்று எழுதப் பார்க்கிறாள். ஆங்கில எழுத்துகளைத் தட்டுகிறாள். பலம், பாலம், பழம் என்று சொற்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஒன்றைத் தொட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறாள். 'ல'வா, 'ழ'வா என்று யோசிக்க அவளுக்கு அங்கே வேலையே இல்லை. பிள்ளைக்குத் தமிழ் எழுத வருகிறது என்று வீட்டில் நம்புகிறோம்.

ஆங்கில எழுத்தில் தட்டும் இந்த முறைக்கு மாற்று நம்மிடமே இருக்கிறது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகைதான் அது. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், கூடவே புள்ளிக்கு ஒரு விசை. 247 எழுத்துகளும் இதற்குள் அடக்கம்.

இடது கைப் பக்கம் உயிர் எழுத்துகள். நடு வரிசையில் அ, இ, உ என்ற குறில்கள். அவற்றுக்கு நேர் மேலே ஆ, ஈ, ஊ என்ற நெடில்கள். 'க' தட்டி 'ஆ' தட்டினால் 'கா'. மெய்யோடு உயிர் சேர்ந்தால் உயிர்மெய் என்று கரும்பலகையில் சொன்ன பாடம் இங்கே விரல் நுனியில் நடக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. 'பந்து' எழுத ப, ந, த, உ என்று தட்டினால் போதும்; 'ந'வின் மேல் புள்ளி தானாக ஏறிவிடும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்ற ஆறு இணைகளுக்கும் இதே விதி. இலக்கணம் இன எழுத்து என்று சொல்லும் அதே ஆறு! ஒரே மெய் இரட்டித்தாலும் புள்ளி தானாக வரும்: 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ. 'ழ'வுக்கும் 'ல'வுக்கும் 'ள'வுக்கும் தனித்தனி விசை என்பதால், எது வேண்டும் என்று பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும்.

எழுதுவதற்குப் பொருளும் வேண்டுமே. பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. படித்து முடித்த கதையின் படங்களை மட்டும் வைத்துக்கொண்டு, பிள்ளையையே புதுக் கதை எழுதச் சொல்லலாம். திறந்த உரிமம் என்பதால் தடையில்லை. கதையில் எழுத்துப் பிழை வந்தால் உடனே திருத்த வேண்டாம். உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், பல பிழைகளை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

தமிழ்99 பழகக் கணினி வேண்டும் என்பதில்லை. செல்லினம் செயலியை இறக்கினால் கைப்பேசியிலேயே இந்த விசைப்பலகை வந்துவிடும். இன்று மாலையே பிள்ளையை உட்கார வைத்து, முதலில் அவர்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள்.