குறைத்தலும் நிறுத்தலும்: புரத உணவும் சிறுநீரக நோயும்

‘புரதத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்’ என்பது நாள்பட்ட சிறுநீரக நோயாளர் பலர் கேட்கும் அறிவுரை. இதனைக் கேட்டவுடன் பருப்பு, மீன், முட்டை ஆகியவற்றை அறவே விலக்குவோரும் உளர். ‘குறை’ என்னும் வினை அளவைச் சார்ந்தது. அளவு சொல்லப்படாதபோது, கேட்பவர் அதனை ‘நிறுத்து’ என்றே பொருள்கொள்ள நேர்கிறது.

அறிவுரையின் அடிப்படையை முதலில் காண்போம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் எனப்படும் நுண்வடிகட்டிகள் ஏறத்தாழ 10 இலட்சம் உள்ளன. உடல் புரதத்தைப் பயன்படுத்தும்போது உண்டாகும் யூரியா முதலிய கழிவுகளை அவை வெளியேற்றுகின்றன. உணவில் புரதம் மிகுந்தால் வடிகட்டிகளுக்குள் அழுத்தமும் மிகும். நோயால் ஒரு பகுதி அழிந்தபின் எஞ்சியவையே முழுச் சுமையையும் தாங்குகின்றன. நாளடைவில் அவையும் வடுப்பட்டுச் செயலிழக்கின்றன. பிரென்னர் குழுவினர் 1982இல் இவ்விளக்கத்தை முன்வைத்தனர். எனினும், 1994இல் வெளியான அமெரிக்கப் பேராய்வில் குறைபுரத உணவின் பயன் எதிர்பார்த்த அளவுக்குத் தெளிவாகப் புலப்படவில்லை. ஆகவே, இன்றைய பரிந்துரைகள் மிதமானவை.

2024ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டி, நோய் மூன்றாம் நிலை முதல் ஐந்தாம் நிலை வரை உள்ள பெரியவர்களுக்கு, உடல் எடையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதத்தைப் பரிந்துரைக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 48 கிராம். ஒரு முட்டையில் உள்ள புரதம் சுமார் 6 கிராம். சோறு, பருப்பு, பால் ஆகியவற்றிலிருந்து கிடைப்பதையும் கூட்டியே இக்கணக்கைப் பார்த்தல் வேண்டும். இதனினும் குறைவான புரத உணவை மருத்துவர், உணவியலாளர் ஆகியோரின் கண்காணிப்பில் மட்டுமே மேற்கொள்ளலாம்.

நோயாளர் இரத்தச் சுத்திகரிப்பைத் தொடங்கியபின் அறிவுரை தலைகீழாகிறது. சுத்திகரிப்பின்போது அமினோ அமிலங்கள் வெளியேறுவதால், ஒரு கிலோ எடைக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை புரதம் தேவைப்படுகிறது. பழைய அறிவுரையையே தொடர்ந்து பின்பற்றுவோர் தசை மெலிந்து தளர்வர். வளரும் பிள்ளைகளுக்கும் உடல் நலிந்த முதியோருக்கும்கூடப் பெரியவர்களுக்கான பொதுக் கட்டுப்பாடு பொருந்தாது.

தாத்தா பாட்டிக்கு மருத்துவத் துண்டறிக்கையைத் தமிழில் எடுத்துச் சொல்லும் மாணவர்கள் இங்குப் பலர். ‘குறை’ என்ற சொல்லைக் கண்டால், யாருக்கு, நோயின் எந்த நிலையில், எத்தனை கிராம் என்ற மூன்றையும் மருத்துவரிடம் கேட்டறிந்து சொல்ல அவர்களைப் பழக்குதல் மொழியாசிரியரின் பணியுமாகும்.