இணைய விலாசத்துக்கு வயது சொன்னால் போதுமா?

போர்ட் கொச்சி, (நமது நிருபர்)

வெளி தோபிகானாவில் துணி வெளுக்கும் நம்மவர் ஒருவர் சென்ற வாரம் என்னிடம் கைப்பேசியை நீட்டினார். வளைகுடா வேலைக்கு முன்பணம் கேட்கும் ஓர் இணையதளம். "இதுக்கு வயசு பதினாலுன்னு காட்டுது சார். பழைய கம்பெனிதானே, பணம் கட்டலாமா?" என்றார்.

அவர் பார்த்தது, இணைய விலாசத்தின் வயதைச் சொல்லும் இலவசக் கருவி ஒன்று. வயதைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அது எதனுடைய வயது என்ற விளக்கம் மட்டும் எங்கும் இல்லை.

விலாசம் பதிவான நாளிலிருந்தே இக்கருவிகள் வயதைக் கணக்கிடுகின்றன. இன்று அதை வைத்திருப்பவர் யார் என்பது வேறு விஷயம். முதன்முதலில் பதிவான டாட் காம் விலாசம் சிம்பாலிக்ஸ் டாட் காம், நாள் 15-3-1985. அதைப் பதிவு செய்த கணிப்பொறி நிறுவனம் 2009-ல் வேறொருவருக்கு விற்றுவிட்டது. கை மாறியும் பதிவுத் தேதி மாறவில்லை.

இந்த விவரங்களைக் கேட்டுப் பெறும் பழைய முறைக்கு 'ஹூஇஸ்' என்று பெயர். 2004-ல் வெளியான அதன் விதிக்குறிப்பு, பதில் எந்த வடிவில் இருக்கவேண்டும் என்றே சொல்லவில்லை. 'ஆர்டாப்' என்னும் புதிய முறைக்கான 2021-ஆம் ஆண்டுக் குறிப்போ பதிவு, மறுபதிவு, கடைசி மாற்றம், காலாவதி என்று தேதிகளைத் தனித்தனியே பெயரிட்டிருக்கிறது. கருவி வைத்திருப்போர் அதையாவது எடுத்துச் சொல்லலாம்.

வயது குறைவென்றால் உஷாராக இருக்கலாம். அதிகமென்றால் அது நற்சான்று ஆகாது. ஆள் எடுக்கும் ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்ப்பதே முறை. ஏமாந்தவர்கள் தாமதமின்றி 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

நண்பர் பணம் கட்டவில்லை.