தரமணியில் ஒரு நிலநடுக்கம்!

கேட்ட நேரத்தில் நிலநடுக்கம் வரவழைக்கும் இடம் ஒன்று சென்னையிலேயே இருக்கிறது, தெரியுமா? தரமணியில் உள்ள சிஎஸ்ஐஆர் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம்தான் அது! ஆய்வுக்கூடத்தின் நடுவே நாலுக்கு நாலு மீட்டரில் ஒரு மேடை. அடியில் ஹைட்ராலிக் தண்டுகள். எங்கோ பதிவான நிலநடுக்கத்தின் அசைவைக் கணினியில் கொடுத்தால் போதும், அதே ஆட்டத்தை மேடை அப்படியே ஆடிக்காட்டும். அதன்மேல் நிற்கும் மாதிரிக் கட்டடத்தில் விரிசல் எங்கே விழுகிறது என்று கண்ணெதிரே பார்க்கலாம்!

இதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கட்சால் ஞாபகம்தான். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய நிக்கோபார் தீவு. 2004 டிசம்பர் 26 அன்று 9.1 அளவில் பூமி குலுங்கியது. பின்னாலேயே கடல் ஏறி வந்து ஏராளமான உயிர்களைக் கொண்டுபோனது. நிலநடுக்க விதிநூல் 2016-இல் அந்தமான் நிக்கோபாரை ஆபத்து மிகுந்த ஐந்தாம் மண்டலத்தில் வைத்திருந்தது.

சரி, அப்படிப்பட்ட ஆட்டத்தைத் தாங்க உதவும் இழைக் கான்கிரீட்டைக் கலக்கும் மிக்சர் பக்கம் வாருங்கள், வேடிக்கையே இங்கேதான்! ஜல்லி, மணல், சிமென்ட்டோடு பொடிப்பொடி எஃகு இழைகளும் விழுகின்றன. ஒவ்வொன்றும் மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீளம், சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன். இரண்டு முனையிலும் குட்டிக் கொக்கி! கன அளவில் ஒரு சதவீதம் என்றாலே கனமீட்டருக்கு 78 கிலோ. மொத்தமாகக் கொட்டினால் பந்து பந்தாகச் சுருண்டுவிடும். தூவித் தூவித்தான் போட வேண்டும். கலவை இறுகும்தான், அதற்காகத் தண்ணீரை ஊற்றிவிடக் கூடாது, இளக்கும் ரசாயனம் சேர்க்க வேண்டும்.

அந்தக் கொக்கி எதற்கு? வெறும் கான்கிரீட் வெடித்தால் வெடித்ததுதான். இழை போட்டதில், விரிசலின் இரு கரையையும் நூற்றுக்கணக்கான இழைகள் பிடித்துக்கொள்கின்றன. கொக்கி நிமிர்ந்து, இழை மெல்ல உருவி வெளியே வருவதற்குள் ஆட்டத்தின் ஆற்றல் பெருமளவு கரைந்துபோகிறது. அற்புதம்!

பீமும் பில்லரும் சேரும் மூட்டில் கம்பியும் ரிங்கும் நெருக்கியடித்து நிற்கும். அங்கே இழைகள் கைகொடுத்தால் பெரும் பலம். பிரதான கம்பிக்கு மாற்று இதுவல்ல, துணை. விரிசல் மெல்லியதாக நிற்பதால் கடலோர உப்பு உள்ளே புகுவதும் குறையும்.

கட்சாலுக்குக் கட்டடம் வரையும் பொறியாளர்களே, அடுத்த பள்ளிக்கூடத்தின், அடுத்த ஆஸ்பத்திரியின் மூட்டுகளிலாவது இழைக் கான்கிரீட்டைப் பரிசீலியுங்கள். வரைந்ததன் மாதிரியை முதலில் தரமணி மேடையில் ஆட்டிப் பாருங்கள்!