வெள்ளம் வந்தாலும் போட்டோ பத்திரம்!

குட்டீஸ்... உங்கள் வீட்டு லேப்டாப்பில் என்னென்ன இருக்கிறது? தம்பியின் முதல் பிறந்த நாள் போட்டோ, மறைந்த பாட்டி பாடிய வீடியோ, அக்காவின் புராஜெக்ட்... எல்லாம் ஒரே பெட்டிக்குள். அது கெட்டுப் போனால்?

கடந்த, 2015, டிசம்பர் 1ல் பெய்த மழை பற்றி, பெரியவர்களிடம் கேளுங்கள். தாம்பரத்தில் ஒரே நாளில், 49 செ.மீ., கொட்டித் தீர்த்தது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பெரும்பாக்கம் உட்பட, தென் சென்னை புறநகர் பகுதிகள் வெள்ளத்தில் தவித்தன. கட்டில், பீரோவை மீண்டும் வாங்கலாம். பாட்டியின் குரலை எந்தக் கடையில் வாங்குவது?

அதே பெரும்பாக்கத்தில் தான், செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் புதிய கட்டடம், 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அங்கே ஆராயப்படும் சங்க நூல்கள், நம் கைக்கு எப்படி வந்தன தெரியுமா? பழைய ஓலையை பூச்சி அரிக்கும் முன், புதிய ஓலையில் பார்த்து எழுதி வைத்தனர், நம் முன்னோர். ஓர் ஊரில் சுவடி அழிந்தாலும், வேறு ஊரில் இன்னொன்று இருந்தது.

நம் போட்டோக்களுக்கும் அதே வழி தான். புதிய ஓலைக்குப் பதில், 'எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்!'

எதை வாங்கலாம்?

இதில், இரண்டு அளவு உண்டு. 3.5 அங்குல டிஸ்க் பெரியது. தனி அடாப்டர் மாட்டினால் தான் ஓடும். 2.5 அங்குல டிஸ்க், உள்ளங்கையில் அடங்கும், லேப்டாப்பின் யு.எஸ்.பி., ஒயர் வழியாகவே மின்சாரம் எடுத்துக் கொள்ளும். லேப்டாப்பிற்கு இதுவே வசதி.

'எஸ்.எஸ்.டி.,' என்ற வகையில், சுற்றும் தட்டே கிடையாது. கை தவறி விழுந்தாலும் எளிதில் கெடாது. விலை தான் அதிகம்.

மின்சாரம் போதுமா?

பல ஹார்டு டிஸ்க்குகளின் உள்ளே, தட்டு நிமிடத்திற்கு, 5,400 முறை சுற்றும். அதாவது, நொடிக்கு, 90 முறை! சைக்கிளில் முதல் மிதி தானே கடினம்? அதுபோல, தட்டு சுற்றத் துவங்கும் போது தான், மின்சாரம் அதிகம் வேண்டும்.

யு.எஸ்.பி., 2.0 போர்ட் தருவது, 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட் தருவது, 900. இது, பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும்.

மின்சாரம் போதாவிட்டால், 'டிக்... டிக்...' என சத்தம் வரும். திரையில் டிஸ்க் தோன்றித் தோன்றி மறையும். உடனே, 'கெட்டுப் போச்சு' என முடிவு கட்டாதீர்கள். டிஸ்க்குடன் வந்த குட்டை ஒயரை, வேறு போர்ட்டில் நேரடியாக மாட்டிப் பாருங்கள். 'ஹப்' வேண்டுமென்றால், தனி அடாப்டர் உள்ளதே நல்லது. அப்போதும் சத்தம் நிற்காவிட்டால், கழற்றி வைத்து, பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

மறக்காதீங்க!

* டிஸ்க் ஓடும் போது, அசைக்கக் கூடாது
* திரையில், 'எஜெக்ட்' கொடுத்த பின் தான், ஒயரை எடுக்க வேண்டும்
* டிஸ்க்கில் ஏற்றியாச்சு என, லேப்டாப்பில் அழித்து விடாதீர்கள். அப்புறம், அதுவும் ஒரே பிரதி தான்!
* லேப்டாப் பையிலேயே டிஸ்க்கையும் வைக்காதீர்கள். வெள்ளம் வந்தால், இரண்டும் சேர்ந்தே நனையும். உறவினர் வீட்டு மாடியில் ஒரு பிரதி இருக்கட்டும்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா, அம்மாவுடன் உட்கார்ந்து இந்த வேலையை முடித்து விடுங்கள். முதலில் ஏற்ற வேண்டியது, பாட்டியின் வீடியோ... சரியா குட்டீஸ்?