‘எதாவது ஹெல்ப் வேணுமா?’னு கேக்காதீங்க!

உங்க செட்ல ஒருத்திக்கு கேன்சர்னு ஒருநாள் தகவல் வருது. என்ன பண்ணுவீங்க? முதல்ல அழுவீங்க. அப்புறம் ஆட்டோ பிடிச்சு, அரை கிலோ ஆப்பிள், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோட எட்டு பேரா ஆஸ்பத்திரியில போய் நிப்பீங்க. கிளம்பும்போது அவ அம்மா கையைப் பிடிச்சு, ‘எதாவது ஹெல்ப் வேணும்னா சொல்லுங்கம்மா’ம்பீங்க. அவங்களும் தலையாட்டுவாங்க. ஆனா, சொல்ல மாட்டாங்க! பொண்ணோட ரத்த ரிப்போர்ட்டைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிற அம்மாவுக்கு, உங்களுக்கு என்ன வேலை கொடுக்கலாம்னு யோசிக்கிறதே தனி வேலை.

இதை நான் தள்ளி நின்னு எழுதலை. மூணாவது செமஸ்டர்ல என் ஃப்ரெண்டுக்கே வந்தது. பேர் வேண்டாம். ‘எழுது... ஆனா என்னை தியாகி ரேஞ்சுக்கு ஆக்கிடாத’னு கண்டிஷன் போட்டுத்தான் பர்மிஷனே கொடுத்தா. சிவகாசிப் பொண்ணு. அப்பாவுக்கு பிரஸ்ல பைண்டிங் வேலை. கால்ல திட்டுத் திட்டா நீலம், ஈறுல ரத்தம், விடாத காய்ச்சல். டெங்குவா இருக்கும்னு நினைச்சா, வந்த ரிசல்ட் அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா. ரத்தப் புற்றுநோய்ல ஒரு வகை.

பழைய சினிமாவுல ஹீரோயின் கர்ச்சீப்ல ரத்தம் துப்பி க்ளைமாக்ஸ்ல செத்துப்போவாளே, அதே வியாதிதான். ஆனா இன்னிக்கு இதுலேர்ந்து முழுசா மீண்டு வர்றவங்க நிறைய பேர். என்ன, ட்ரீட்மென்ட் ரெண்டு, ரெண்டரை வருஷம் இழுக்கும். பி.இ. படிப்புல பாதிக்கு மேல! முதல் வாரம் சொந்தக்காரங்க கூட்டம் அலைமோதும். மூணாவது மாசம் பாருங்க, வராண்டாவுல அப்பா மட்டும் தனியா உட்கார்ந்திருப்பார். நீங்க போகவேண்டியது அப்பத்தான்.

முதல் தேவை ரத்தம். சரியா சொன்னா, பிளேட்லெட்ஸ். கீமோதெரபி மருந்து கேன்சர் செல்லை மட்டும் பார்த்துப் பார்த்து அடிக்காது. எலும்பு மஜ்ஜையில இருக்கிற ரத்த ஃபேக்டரியையே கொஞ்ச நாள் இழுத்து மூடிடும். நமக்கெல்லாம் ஒரு மைக்ரோ லிட்டருக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல இருக்கிற பிளேட்லெட்ஸ், அவளுக்கு ஒருநாள் வெறும் 8,000. அந்த அளவுக்கு இறங்கினா உள்ளுக்குள்ள தானா ரத்தம் கசியலாம். மூளையில கசிஞ்சா விபரீதம். சிவப்பணுக்களை ஃப்ரிட்ஜ்ல ஒரு மாசம் வரைக்கும் தாராளமா வைக்கலாம். பிளேட்லெட்ஸை ரூம் டெம்பரேச்சர்ல, ஆட்டிக்கிட்டே இருக்கிற மெஷின்ல வெச்சாலும் 5 நாள்தான். ஸ்டாக் பண்ண வழியில்லை. அதனாலதான் ராத்திரி பதினோரு மணிக்கு, ‘டோனர் கூட்டிட்டு வாங்க’னு அப்பாகிட்ட சொல்றாங்க. சென்னையில ஒரு ஆளையும் தெரியாத மனுஷன் எங்கே போவார்?

எங்க ஹாஸ்டல் பசங்க இறங்கினது இங்கதான். ஒரு நோட்டுல பேர், குரூப், எடை, போன் நம்பர், கடைசியா கொடுத்த தேதின்னு கோடு போட்டாங்க. மெஷின்ல பிளேட்லெட் கொடுக்க 18 வயசு, 50 கிலோ எடை, 12.5 ஹீமோகுளோபின், ஊசி ஏத்த நல்ல நரம்பு வேணும். மூணு நாளைக்குள்ள ஆஸ்பிரின் போட்டிருந்தா கூடாது. ஒரு வருஷத்துக்குள்ள டாட்டூ குத்தியிருந்தாலும் கூடாது (எங்க கிளாஸ் ஹீரோக்கள் மூணு பேர் இதுல அவுட்!). பி பாசிட்டிவ்ல பேர் கொடுத்தது 22 பேர், தேறினது 9. ஒண்ணு, ஒண்ணரை மணி நேர வேலை. பிளேட்லெட் மட்டும் பிரிஞ்சு மிச்ச ரத்தம் உங்களுக்கே திரும்பிடும். உதடு லேசா குறுகுறுக்கும், சொன்னா கால்சியம் கொடுப்பாங்க. 48 மணி நேரம் கழிச்சு மறுபடி கொடுக்கலாம். ஆனா வாரத்துக்கு ரெண்டு, வருஷத்துக்கு 24 தடவைக்கு மேல கூடாது. ஒன்பது பேரும் ஒரே நாள்ல போய் கையை நீட்டாம, வரிசை போட்டுக்கோங்க. வாட்ஸ்அப்ல ‘அர்ஜென்ட்’ போட்டா தேதியும் போடுங்க சாமி! தேவை முடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சும் அவ அப்பாவுக்கு போன் வந்துக்கிட்டே இருந்துச்சு.

பொண்ணுங்க பாதிப் பேர் எடையிலயும் ஹீமோகுளோபின்லயும் கழிஞ்சுட்டோம். எங்களுக்குக் கிடைச்சது ஃபார்ம் வேலை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் கிடைக்கும். அதுக்கு ரேஷன் கார்டு, வருமானச் சான்றிதழ் எல்லாம் வேணும். ஊருக்கும் சென்னைக்கும் பொதிகை எக்ஸ்பிரஸ்ல அலையுறாங்களே, சிகிச்சைக்குப் போற கேன்சர் நோயாளிக்கு ஸ்லீப்பர்ல டிக்கெட்டே இலவசம், கூடப் போறவருக்கு 75 சதவிகிதம் தள்ளுபடி. ஆஸ்பத்திரியில சர்டிஃபிகேட் வாங்கணும், அவ்வளவுதான். இது தெரியாமலே அந்தக் குடும்பம் நாலு தடவை முழு டிக்கெட் எடுத்திருந்துச்சு.

அட்டெண்டன்ஸ்? 75 சதவிகிதம் வேணும். மெடிக்கல் சர்டிஃபிகேட் இருந்தா 65 வரைக்கும் விடுவாங்க. அவளுக்கு இருந்தது 38. ‘பிரேக் ஆஃப் ஸ்டடி’ எழுதிக் கொடுத்தா அடுத்த வருஷம் அதே இடத்துலேர்ந்து தொடரலாம். இதுக்காக அவ அப்பாவை காலேஜ்ல ஒரு ஜன்னல்லேர்ந்து இன்னொரு ஜன்னலுக்கு விரட்டிக்கிட்டிருந்தாங்க. நாங்க லெட்டரை அடிச்சு, கையெழுத்து வாங்கி, ஒரே மதியத்துல முடிச்சோம். ஃபைனல் இயர் ப்ராஜெக்டைவிட எனக்கு இதுலதான் பெருமை!

எல்லாரும் மறந்துபோன ஒருத்தன் இருந்தான். அவ தம்பி. பத்தாவது படிக்கிறான். அப்பா, அம்மா சென்னையில, இவன் பாட்டி வீட்டுல. எங்க செட்ல ஒருத்தி தினமும் ராத்திரி எட்டு மணிக்கு போன்ல கணக்கு சொல்லிக் கொடுத்தா. ஒருநாள் முக்கோணவியல் நடுவுல கேட்டுட்டான், ‘அக்கா... எங்க அக்கா செத்துருவாளா?’

‘சேச்சே’னு அவ மழுப்பலை. ‘எனக்குத் தெரியாதுடா. மருந்து வேலை செய்யுதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. ஒவ்வொரு ரிப்போர்ட் வந்ததும் முதல் போன் உனக்குத்தான்’னு சொன்னா. சொன்ன மாதிரியே பண்றா.

பார்க்கப் போறீங்களா? லேசா மூக்கு ஒழுகினாலும் போகாதீங்க. வெள்ளணு இறங்கிக் கிடக்கிற நேரத்துல உங்க ஜலதோஷம் அவளுக்கு ஐ.சி.யூ. பூங்கொத்து, நறுக்கின பழம் எதுவும் வார்டைக் கேக்காம வேண்டாம். முடி கொட்டினதைப் பார்த்துட்டு பாக்காத மாதிரி நடிக்காதீங்க, அவளுக்கு அதுதான் எரிச்சலாம். ‘பாசிட்டிவா இரு’வும் வேண்டாம். ‘அழணும்னு தோணும்போது அழக்கூட விட மாட்டேங்கிறாளுங்க’னு ஒருநாள் கத்தினா. அவளோட அத்தை ஒருத்தங்க பப்பாளி இலைச் சாறு பாட்டிலோட வந்து, ‘வெளிய சொல்லாதீங்க, நாளைக்குக் கல்யாணம் காட்சி இருக்கு’ன்னாங்க. அம்மா முகம் செத்துப்போச்சு. அத்தையை டீ குடிக்கக் கூட்டிட்டுப் போறேன்னு கிளப்பிட்டுப் போனது நான். டாக்டரைக் கேக்காம எந்தச் சாறும் வேண்டாம்னு அம்மாவுக்கு நர்ஸே எடுத்துச் சொல்லிட்டாங்க.

இப்போ அவளுக்கு மெயின்டனன்ஸ் ட்ரீட்மென்ட். தினம் மாத்திரை, அப்பப்போ ஆஸ்பத்திரி. திரும்ப வந்துடுமோங்கிற பயம் ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கு முன்னாடியும் வருது. இந்த செமஸ்டர்லேர்ந்து காலேஜுக்கு வர்றா, எங்க ஜூனியர்ஸோட. வர்ற வியாழக்கிழமை முதுகுத்தண்டுல ஊசி. போட்டதும் கொஞ்ச நேரம் அசையாம மல்லாந்து படுத்திருக்கணும். கூட இருக்கிற டர்ன் எனக்கு. சர்க்யூட்ஸ் நோட்டை எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கா. முதல் யூனிட்டே புரியலையாம்.